தலைமையகத்துக்கு எந்த மலை?

சில மாதங்களுக்கு முன் பழைய சிநேகிதர் ஒருவர் கொழும்பிலிருந்து கோல் எடுத்தார். ஐந்தாறு ஆசிய நாடுகளில் தேயிலைத் தொழிலாளர்களின் வீடு, சுகாதாரம் என்று வேலை செய்யும் அமைப்பொன்றின் நிர்வாகத்தில் இருக்கிறார். "அண்ணே, தலைமையகத்த மலையகத்துக்கே கொண்டு வரலாமான்னு ஒரு யோசனை ஓடுது. கண்டியா, திகன பக்கமா, நுவரெலியாவா, ஹட்டனா? வாடகைய விடுங்க. பாதுகாப்ப மட்டும் பார்த்து எழுதித் தாங்க" என்றார்.

நான் பாதுகாப்பு நிபுணன் அல்ல. இருபது வருடம் வெளிநாட்டு அமைப்புகளின் காரியாலயங்களில் நிர்வாகம் பார்த்தவன். வீடு தேடுவது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, காவல்காரர் தூங்குகிறாரா என்று இரவு இரண்டு மணிக்கு எட்டிப் பார்ப்பது எல்லாம் என் தலையில்தான் விழும். பிறந்தது ஹட்டனை அடுத்த டிக்கோயாப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். சிநேகிதருக்கு நாலு பக்க அறிக்கை அனுப்பிவிட்டேன். அறிக்கைக்குள் அடங்காத பேச்சையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்களுடைய படிவம் வந்தது. முதல் பக்கம் முழுக்க மதில். எத்தனை அடி உயரம், கேற்றிலிருந்து கட்டடம் எத்தனை மீட்டர், வெளிவாகனம் எங்கே நிற்கும், சன்னல் கண்ணாடிக்குப் படலம் ஒட்டியிருக்கிறதா. இரண்டாம் பக்கம் கமரா, வோக்கி டோக்கி, ஜெனரேட்டர். மூன்றாம் பக்கத்தின் அடியில் 'இயற்கை அனர்த்தம்' என்று ஒரு வரி. கட்டடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படிவம் கேட்கவே இல்லை. மலையகத்தில் வீடு பார்க்கப் போகிற எந்தக் கிழவியும் முதலில் கொல்லைப்பக்கம்தான் போவாள்.

படிவத்தையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அது பக்தாதில் பிறந்த படிவம். 2003 ஓகஸ்ட் 19 அன்று அங்கே ஐ.நா. இயங்கிய கனால் ஹோட்டலில் வெடிமருந்து ஏற்றிய லொறி வெடித்து 22 பேர் இறந்தார்கள். ஐ.நா. தூதுக்குழுவின் தலைவர் செர்ஜியோ வியேரா டி மெல்லோவும் அதில் ஒருவர். லொறி கட்டடத்தை ஒட்டிய ஒழுங்கையால் வந்து அவருடைய அறைக்குக் கீழேயே நின்றது. கண்ணாடிச் சில்லுகளால் காயப்பட்டவர்கள் ஏராளம். பிறகு விசாரித்த குழு ஐ.நா.வின் பாதுகாப்பு ஏற்பாட்டையே கடுமையாகச் சாடியது. 2005இல் பாதுகாப்புக்கென்று தனித் திணைக்களம் வந்தது. 2007 டிசம்பரில் அல்ஜியர்ஸிலும் 2011 ஓகஸ்டில் அபுஜாவிலும் மறுபடி ஐ.நா. கட்டடங்கள் மேல் வாகனக் குண்டு. வெடியின் அழுத்தம் தூரம் கூடக் கூட மளமளவென்று குறையும். ஆகவே லொறிக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு வெறும் நிலம் விடலாமோ அவ்வளவும் விடு என்பதுதான் அன்றிலிருந்து முதல் விதி.

சரியான விதிதான். ஆனால் அந்த வெறும் நிலத்துக்கு மலையகத்தில் எங்கே போவது? இங்கே சமதரை தானாக இருப்பதில்லை, மலையை வெட்டி உண்டாக்குகிறோம். கேற்றைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் முன்பக்கம் மண் நிரப்ப வேண்டும், கட்டடத்தை உள்ளே தள்ள வேண்டுமென்றால் பின்பக்கம் மண்மேட்டை அறுக்க வேண்டும். குண்டுக்காக விடுகிற ஒவ்வொரு மீட்டரும் மண்ணிடம் வாங்கிய கடன்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். நான் வேலை செய்த ஒரு காரியாலயத்துக்கு வெளிநாட்டிலிருந்து பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் வந்தார். வாகனம் உள்ளே வந்து திரும்பி வெளியே போகும் திசைக்கு மூக்கை வைத்து நிற்க வேண்டும், அவசரத்தில் ரிவர்ஸ் எடுக்க நேரம் இருக்காது என்றார். நியாயமான பேச்சு. அதற்காகப் பின்மேட்டைப் பத்துப் பன்னிரண்டு அடி அறுத்து, கருங்கல் அணை கட்டினோம். அடுத்த ஐப்பசியில் அணை வயிறு தள்ளியது. தண்ணீர் வடிய விட்டிருந்த துவாரங்கள் செம்மண் அடைத்துக் கிடந்தன. ஒரு ஞாயிறு இரவு பாதி அணை சரிந்து, மூக்கை வெளியே வைத்து ஒழுங்காக நின்ற இரண்டு வாகனங்களையும் மூடியது. ஞாயிறு என்பதால் சாரதிகள் இல்லை. அந்த வருடம் அந்தக் காரியாலயத்துக்கு வந்த ஆபத்து அது ஒன்றுதான்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நினைவூட்டத் தேவையில்லை. ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், சனத்துக்குப் போக இடம்தான் இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரும்பாலும் ஆளைக் கொன்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு எளியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழித்திரு, 100 என்றால் மூட்டையைக் கட்டு, 150 என்றால் வெளியேறு. இந்த மூன்று எண்களும் காவல்கூண்டில் மழைமானிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். படிவத்தில் இதற்குப் பெட்டியே இல்லை.

நியூயோர்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்தைப் பாருங்கள். 1964 டிசம்பர் 11 அன்று சே குவேரா உள்ளே பேசிக்கொண்டிருக்க, ஈஸ்ட் ஆற்றின் அக்கரையிலிருந்து யாரோ பஸூக்கா அடித்தார்கள். குண்டு கட்டடத்தை எட்டாமல் ஆற்றில் விழுந்தது. 2012 ஒக்டோபரில் சாண்டிச் சூறாவளியோடு அதே ஆற்றுப் பக்கமிருந்து தண்ணீர் நிலக்கீழ்த் தளத்துக்குள் ஏறியது, தலைமையகத்தை மூட வேண்டி வந்தது. ஒரு தடவை ஆறு காப்பாற்றியது, இன்னொரு தடவை ஆறே உள்ளே வந்தது. மலைக்கும் அதே குணம் உண்டு.

மலை என்றால் பத்திரம் என்ற எண்ணம் பழையது. ஐ.நா.வுக்கு இடம் தேடிய 1945, 46இல் அமெரிக்காவின் 200க்கும் மேற்பட்ட ஊர்கள் வரிந்து கட்டிக்கொண்டு விண்ணப்பித்தன. தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைக்காரர்கள் சொன்ன காரணம் வேடிக்கையானது. எங்கள் மலைக்கு வந்தால் அணுகுண்டுக்குப் பயப்படத் தேவையில்லை, குண்டு போட இங்கே ஒன்றுமே இல்லை என்றார்கள். கடைசியில் ரொக்கஃபெல்லர் 85 இலட்சம் டொலர் தந்து மன்ஹாட்டன் ஆற்றங்கரை நிலம் அமைந்தது. குண்டு போட எல்லாமும் உள்ள இடம். ஆனால் ஆட்களும் கப்பலும் ஹோட்டலும் பத்திரிகைகளும் அங்கேதான் இருந்தன.

நம்முடைய கண்டியும் ஒரு காலத்தில் மலையை நம்பியே நின்றது. 1803இல் ஏறி வந்த ஆங்கிலப் படையைக் காடும் காய்ச்சலும் கண்டிப் படையும் சேர்ந்து முடித்தன. 1815இல் மலை அப்படியேதான் இருந்தது. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கும் பிரதானிகளுக்கும் பகை முற்றியிருந்தது, படை சிரமமில்லாமல் ஏறியது. அடுத்த பத்து வருடத்தில் கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து ரோட்டும் போட்டார்கள். அந்த ரோட்டில்தான் இன்றும் கண்டியின் பாதுகாப்பு தொங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கண்டிக்கு உலகத் தலைமையகம் புதிதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944 ஏப்ரலில், நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகத்தை அதன் தளபதி மவுண்ட்பேட்டன் டெல்லியிலிருந்து பெயர்த்துப் பேராதனைப் பூங்காவுக்குள் கொண்டு வந்து வைத்தார். இரண்டு வருடம் முன்புதான், 1942 ஏப்ரலில், ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டிருந்தன. பேராதனைத் தோட்டத்தை மகாவலி மூன்று பக்கம் சுற்றி ஓடுகிறது, குளிர்ச்சி, ரயில் பக்கம். சண்டையோ பர்மாவில். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு யுத்தம் நடத்துகிறார்கள் என்ற முணுமுணுப்பு அப்போதே இருந்தது. 1945 முடிவதற்குள் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது.

இன்றைய கண்டியில் என்ன இருக்கிறது? தேசிய வைத்தியசாலை இருக்கிறது, பேராதனை போதனா வைத்தியசாலை இருக்கிறது. இந்தியாவின் உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது, ஆகவே வெளிநாட்டுக் காரியாலயத்தைக் காவல் காக்கப் பொலிஸுக்குப் பழக்கமுண்டு. இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் பத்து நிமிடத்தில் டாக்டர் முன் நிறுத்தலாம். நடைமுறையில் நான் பார்த்த 'பாதுகாப்புச் சம்பவங்கள்' பாதிக்கு மேல் நெஞ்சுவலி, பாம்புக்கடி, வாகன விபத்து. இந்த ஒரு விஷயத்தில் கண்டிக்கு ஈடு மலையகத்தில் வேறு ஊர் கிடையாது.

குறை ஒன்று: கண்டி ஒரு சட்டி. ஏரியைச் சுற்றி மேடு, உள்ளே வர நாலு வழி, நாலும் எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும். பெரஹரா ஊர்வலம் நடக்கிற பத்து நாளும் நகரம் நகராது. 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகை வாசலில் புலிகளின் லொறிக் குண்டு வெடித்த பிறகு மாளிகைக்கு முன்னாலிருந்த ரோட்டை வாகனங்களுக்கு மூடினார்கள். மூடியது மூடியதுதான். சுதந்திரப் பொன்விழாவைக் கண்டியில் நடத்தவிருந்தவர்கள் அதையும் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உலகம் அறிந்த புனித இடத்தின் நிழலில் காரியாலயம் வைத்தால் அந்த இடத்தின் ஆபத்தும் நமக்குப் பங்கு வரும், அதன் தடைகளும் பங்கு வரும். அந்த வருடங்களில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி கண்டிக்குள் நடந்த தோட்டத்துப் பெடியன்களைக் கேட்டால் தெரியும்.

அடுத்தது ரோட்டு. கொழும்பு–கண்டி ஏ1 கடுகண்ணாவையில் அடைபட்டால் கலகெதர, குருநாகல் வழி இருக்கிறது, மாத்தளை வழி இருக்கிறது. 2025 நவம்பரில் கடுகண்ணாவையில் மண் சரிந்தபோது அந்தச் சுற்றுவழிகளின் அருமை தெரிந்தது. கண்டியின் வாசல்கள் நெரிசலானவை, ஆனால் ஒன்று போனால் இன்னொன்று மிஞ்சும். மற்ற ஊர்களைப் பார்த்த பிறகு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

நுவரெலியாவைப் பற்றிச் சிநேகிதருக்கு ஒரு மயக்கம் இருந்தது. நிர்வாகக் குழுவில் வெளிநாட்டார் அதிகம், அவர்களுக்கு அந்தக் குளிரும் பழைய பங்களாவும் பிடித்துவிட்டன. எனக்குப் பிடிக்கவில்லை. 1,868 மீற்றர் உயரத்தில் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற ஊர். ஊருக்குள் சமதரை உண்டு, படிவத்தின் மதில்–இடைவெளிக் கணக்கெல்லாம் அழகாகப் பொருந்தும். ஆனால் அதற்குள் போகிற வழி ஒவ்வொன்றும் அறுத்த மலையின் விளிம்பில் போகிறது: றம்பொடை வழி, தலவாக்கலை வழி, ஹக்கல தாண்டி வெலிமடை வழி. டித்வாவின்போது இந்தப் பாதைகள் பல இடங்களில் அறுந்து கிடந்தன. ஹெலிகொப்டர் வரட்டும் என்பார்கள். மூடுபனி இறங்கிய நுவரெலியாவில் எதிர்வீட்டு விளக்கே தெரியாது. ஏப்ரல் வசந்த காலத்தில் நகருக்குள் வாகனம் அசையாது. உள்ளே பத்திரமாக இருக்கலாம், வெளியேதான் வர முடியாது. இதற்கு மேல் நுவரெலியாவைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

பண்டாரவளையையும் யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் பட்டியலில் சேர்த்திருந்தார். நல்ல காற்று, நல்ல ஊர். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பிந்துனுவெவ நினைவு வருகிறது. 2000 ஒக்டோபர் 25 அன்று அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து தமிழ் இளைஞர்களைக் கொன்றது. முகாமுக்கு வேலி இருந்தது. ஆயுதத்தோடு பொலிஸார் அங்கேயே நின்றார்கள்.

அதைச் சொன்னது பண்டாரவளையைக் கழிக்க அல்ல. படிவத்துக்கு லொறி தெரியும், கும்பல் தெரியாது. இலங்கையில் வெளிநாட்டு அமைப்பின் வாசலுக்கு அடிக்கடி வந்தது கும்பல்தான். 2010 ஜூலையில் கொழும்பு ஐ.நா. காரியாலயத்தை மறித்துப் போராட்டம் நடந்தது, நடத்தியவர் பதவியிலிருந்த அமைச்சர் ஒருவர். ஐ.நா. செயலாளர் நாயகம் கொழும்பிலிருந்த தன் வதிவிட இணைப்பாளரைத் திருப்பி அழைத்தார், ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் பிராந்திய நிலையத்தையும் மூடினார். ஐ.நா. வளவுக்குள் யாரும் அனுமதியின்றி நுழையக் கூடாது என்று 1946 ஒப்பந்தம் சொல்கிறது. இங்கே 1996ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இராஜதந்திரச் சலுகைகள் சட்டமும் இருக்கிறது. சட்டம் கேற்றின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். வெளிப்பக்கம் நாட்டின் பொறுப்பு. அந்த நாட்டின் அமைச்சரே வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்தால் எத்தனை அடி மதில் வேண்டும்?

வாசலில் கூடியவர்கள் எல்லோரும் எதிரிகளும் அல்ல. 2008 செப்டெம்பரில் யுத்தம் நெருங்கி ஐ.நா. கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போக வேண்டாம் என்று கேட்டு மக்கள் வாசலில் நின்றார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஹட்டனுக்கு வருவோம். சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் கொஞ்சம் கடுமையாகவே பார்த்தேன். ஹட்டன் ஒரு முதுகெலும்பு போன்ற ஊர். ஏ7 ரோட்டும் ரயில் பாதையும் மேட்டின் மேல் ஓட, அவற்றைத் தொற்றிக்கொண்டு கடைகள். சமதரை என்று சொன்னால் ரயில் நிலையம், பஸ் நிலையம், பாடசாலை மைதானம். தலைமையகத்துக்கு இடமென்றால் தோட்டத்துத் துரை (மனேஜர்) பங்களா ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். தோட்டக் காணிகள் அரசுக்குச் சொந்தம், 1992 முதல் கம்பனிகளுக்குக் குத்தகை. ஆகவே நமக்குக் கிடைப்பது குத்தகையின் மேல் குத்தகை. நாளை கம்பனிக்கும் தொழிற்சங்கத்துக்கும் தகராறு வந்தால் தொழிலாளர் நலன் பேசுகிற அமைப்பு துரை பங்களாவுக்குள் இருந்து எட்டிப் பார்க்கும். மல்லிகைப்பூ சந்தியில் சம்பளத்துக்காக ரோட்டில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். இதைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிநேகிதர் கேட்டார். முதலில் சேர்க்க வேண்டியதே இதுதான் என்றேன்.

வைத்தியசாலை பரவாயில்லை. இந்திய உதவியோடு கட்டிய டிக்கோயா ஆதார வைத்தியசாலையை 2017 மே 12 அன்று மோடி வந்து திறந்து வைத்தார். பெரிய வருத்தமென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோதான் அனுப்புவார்கள். கொழும்பு வழி கினிகத்தேனை இறக்கம், கண்டி வழி நாவலப்பிட்டி, கம்பளை. வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை தென்மேல் பருவமழை இந்தப் பக்கத்தை அடிக்கும். பக்கத்து வட்டவளை இந்த நாட்டில் அதிக மழை காணும் இடங்களில் ஒன்று. மரம் விழாத, மண் இறங்காத ஆனி மாதத்தை நான் அங்கே பார்த்ததில்லை.

ஆனாலும் ஹட்டனுக்கு மற்ற எந்த ஊருக்கும் இல்லாத காவல் ஒன்று உண்டு. அங்கே அந்நியன் மறைய முடியாது. புதிதாக ஒரு வேன் இரண்டு நாள் பங்களா ரோட்டில் நின்றால் மூன்றாம் நாள் தொழிலாளர்கள் காலையில் கூடுகிற பிரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு. கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு எந்தக் கமராவை விடவும் கண் கூர்மை, அவர்கள் நிற்பதும் மேட்டில். கண்டியில் நான் இருந்த காரியாலயத்துக்கு எதிர்ப்பக்கம் ஆறு மாதம் யாரோ வாடகைக்கு இருந்து எங்கள் ஜெனரேட்டர் அறையை நோட்டம் பார்த்திருக்கிறார்கள். திருட்டுப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கடைசியாகத் திகன, குண்டசாலை. கண்டியிலிருந்து மஹியங்கனை ரோட்டில் தென்னக்கும்புர பாலம் தாண்டினால் நிலம் விரிந்துகொடுக்கும். பல்லேகலையில் கிரிக்கெட் மைதானமும் கைத்தொழிற்பேட்டையும் வைக்க இடம் இருந்ததற்கு அதுவே காரணம். விக்டோரியா அணை கட்டிய காலத்தில் வெளிநாட்டுப் பொறியியலாளர் குடும்பங்களுக்காகத் திகனவில் ஒரு குடியிருப்பே எழும்பியது. அவர்கள் போன பிறகு அங்கே வந்தது சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனம். 1984இல் தொடங்கியபோது அதன் தலைமையகத்தின் முகவரி 'திகன கிராமம், கண்டி வழி'. உலகத்தின் வயல்களுக்கு எப்படித் தண்ணீர் பாய்ச்சுவது என்ற ஆராய்ச்சி ஒரு காலத்தில் நம் மலையடிவாரத்திலிருந்து நடந்தது என்பது இங்கே பலருக்கு மறந்துபோயிற்று. 1987–89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலமும் அந்த முகவரியில்தான் கழிந்தது. 1990களின் தொடக்கத்தில் அது கொழும்புப் பக்கம் இறங்கிவிட்டது. 1998இல் பெயரும் மாறி, சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமாக இன்றும் பத்தரமுல்லையில் இருக்கிறது.

படிவம் கேட்கிற இடைவெளியை மலையை அறுக்காமல் கொடுக்கக்கூடிய இடம் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். ரோட்டும் இரண்டு பக்கம். தென்னக்கும்புர பாலம் அடைபட்டால் மடவளை, கட்டுகஸ்தோட்டை வழி. மேற்கே எல்லாமே அடைபட்டால் பதினெட்டு வளைவு இறங்கி மஹியங்கனைச் சமவெளி. அந்த வளைவுகள் மழையில் லேசானவை அல்ல, இருந்தாலும் வேறொரு திசை. தேசிய வைத்தியசாலைக்கு நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் போகலாம். 2020 ஓகஸ்ட் முதல் சில தடவை திகன, ஹாரகம பக்கம் நிலம் மெல்ல அதிர்ந்ததைக் கேட்டு சிநேகிதர் பயந்தார். சுவரில் கீறல் விழுகிற அளவு. பழைய செங்கல் வீட்டை விட்டு, கொங்கிரீட் தூண் போட்ட கட்டடமாக எடுங்கள் என்றேன்.

எனக்கு உறுத்தியது 2018 மார்ச். தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு. முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். நான் அப்போது கண்டியில் வேலை. எங்கள் ஊழியர் தொடர்புப் பட்டியல் முழுக்க வாட்ஸ்அப் குழுவில்தான் இருந்தது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய ஒன்றரை நாள் எடுத்தது. கடைசியில் கைகொடுத்தது கணக்காளர் அம்மா மேசை லாச்சிக்குள் வைத்திருந்த பழைய டயறி, அதில் எல்லோருடைய வீட்டு நம்பரும் பேனாவால் எழுதியிருந்தது. அன்றிலிருந்து நான் இருந்த ஒவ்வொரு காரியாலயத்திலும் கடதாசிப் பட்டியல் கேற்றில் ஒன்று, என் பையில் ஒன்று.

அப்படியிருந்தும் ஏன் திகன பக்கத்தையே எழுதினேன்? கும்பல் எந்த ஊரிலும் திரளும். அதற்கு மருந்து அயலவர்: பன்சலை ஹாமுதுருவோடும் (பௌத்த பிக்கு), பள்ளிவாசல் நிர்வாகத்தோடும், கோவில் தலைவரோடும், கிராம சேவகரோடும் வருவதற்கு முன்பே தேத்தண்ணி குடித்திருக்க வேண்டும். அது நம் கையிலிருக்கிற வேலை. மலையின் சரிவு நம் கையில் இல்லை.

அறிக்கையில் தலைமையகம் குண்டசாலைக்கும் திகனவுக்கும் இடையில் என்று எழுதினேன். கூடவே, படிவம் 'மாற்று அலுவலகம்' என்று கேட்டிருந்த இடத்தில் ஹட்டன் என்று எழுதினேன். சிநேகிதருக்கு முதலில் புரியவில்லை, மாற்று அலுவலகம் கண்டி நகரிலேயே இருந்தால் கிட்ட அல்லவா என்றார். கிட்ட இருந்தால் ஒரே மழையில் இரண்டும் போகும். ஹட்டன் பக்கத்தைத் தென்மேல் பருவம் நனைக்கிறது, திகன பக்கத்துக்கு வடகீழ்ப் பருவம்தான் பெருமழை, கார்த்திகையிலிருந்து தை வரை. ஆனியில் ஹட்டன் முடங்கினால் திகன காய்ந்திருக்கும், மார்கழியில் திகன முடங்கினால் ஹட்டனில் வெறும் குளிர். பாட்டன் காலத்திலிருந்தே கொழுந்து கூடுகிற குறைகிற மாதத்தை வைத்து நம் சனத்துக்குத் தெரிந்த கணக்கு இது. டித்வா இந்தக் கணக்கையும் பொய்யாக்கி இரண்டு பக்கத்தையும் ஒரே இரவில் அடித்தது. அதையும் அறிக்கையில் எழுதினேன். அப்படியொரு நாளுக்குத்தான் கொழும்பில் ஒரு சின்ன அறையைக் கைவிடாமல் வைத்திருக்கச் சொன்னேன்.

ஹட்டன் மாற்று அலுவலகமாக இருப்பதில் இன்னொரு பயன். ஊழியர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். பாதுகாப்புத் திட்டங்கள் எல்லாம் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடிகின்றன. ஐந்து மணிக்குப் பிறகு அந்தப் பிள்ளை கடைசி பஸ்ஸைப் பிடித்து, இருட்டில் தேயிலை மலை ஏறி, நூறு வருடத்துக்கு மேலான லயத்துக்குப் போகிறது. தலைமையகத்துக்கு மண்சரிவுச் சான்றிதழ் எடுக்கிறவர்கள் அந்த லயத்தின் பின்மேட்டையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லி தனிப் பந்தியாக எழுதினேன். செலவு அதிகமென்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

போன கிழமை சிநேகிதர் மறுபடி எடுத்தார். அறிக்கை நன்றாக இருக்கிறதாம், குழுவும் பாராட்டியதாம். ஆனாலும் நுவரெலியாவில் நல்ல பங்களா ஒன்று அகப்பட்டிருக்கிறது, ஒரு தடவை பாருங்கள் என்று படம் அனுப்பியிருந்தார். வெள்ளைச் சுவர், புல்தரை, ரோஜாப் பாத்தி, கேற்றிலிருந்து வாசல் வரை நீண்ட சரளைக்கல் பாதை. படிவத்தின் முதல் பக்கத்துக்கு நூற்றுக்கு நூறு.

பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.